ஃபேர் நோட்டில் என் கையெழுத்து

புதுச்சேரிக்குத் திரும்பி வந்த இரண்டாம் நாள் காலை, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஆறுமுகம் என் சட்டைகளைக் கையில் வாங்குவதற்கு முன்பே, என் பேத்தி எத்தனையாவது படிக்கிறாள், என்ன ரேங்க் என்று கேட்டார். பாரிஸ் புறநகரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். அங்கே எங்கள் எதிர்வீட்டுக்காரர், என் மகள் என்ன படித்தாள் என்பதை அவள் திருமணத்தன்றுதான் அறிந்துகொண்டார். முதலியார்பேட்டையிலோ ஒரு பிள்ளையின் மதிப்பெண் தெருவுக்கே பொதுவானது. “முதல் ரேங்க்” என்று கூறிவிட்டு நடந்தேன். அது பொய் என்பதை அங்குள்ள நண்பர்களும் இங்குள்ள உறவினர்களும் இக்கட்டுரையின் வழியாகவே அறியப்போகிறார்கள்.

என் மகளை அவளுடைய நிறுவனம் மூன்றாண்டுப் பணிக்காக இங்கே அனுப்பியது. அவளோடும் பேத்தி நிவேதாவோடும் நானும் வந்தேன். நிவேதாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு கணக்கை வாய்விட்டுச் சொன்னால், நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நாலு கோடு இழுத்து விடையைச் சொல்லிவிடுவாள். ஆனால் கரும்பலகையைப் பார்த்து ஒரு பக்கம் எழுத அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். எழுத்துகள் இடம் மாறும், வரிகள் விட்டுப்போகும். பிரான்சில் அவளுடைய ஆசிரியை என்னை அழைத்து, இவளுடைய அறிவும் கையும் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன, எழுத்துப் பயிற்சி அளிக்கும் ஓர்த்தோஃபோனிஸ்த் ஒருவரைப் பாருங்கள் என்றார். எங்கள் குடும்பத்தில் அப்படி எவரும் இல்லை, நாளைமுதல் தினமும் பத்துப் பக்கம் எழுத வைக்கிறேன் என்று பதிலளித்தேன். அவர் நன்றி கூறினார். இருவருமே மற்றவருக்குப் புரிந்துவிட்டது என்ற நிறைவோடு பிரிந்தோம்.

இங்குள்ள பள்ளியில் ரஃப் நோட்டு ஒன்று, ஃபேர் நோட்டு ஒன்று. வகுப்பில் ரஃப் நோட்டில் எழுதியதை வீட்டில் ஃபேர் நோட்டில் அழகாக எழுதிக் கொண்டுபோக வேண்டும். ஆசிரியர்கள் திருத்துவது ஃபேர் நோட்டை மட்டுமே. மெரி என்று அங்கே அழைக்கப்படும் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை எழுதியவன் நான். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு மிகுந்த பெருமை உண்டு. முதல் வாரம் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தேன். பிறகு எல்லாப் பக்கங்களையும். சிறுமியின் எழுத்தாகத் தோன்றவேண்டும் என்பதற்காக எழுத்துகளைச் சற்று உருட்டி எழுதினேன். இரவு எட்டு மணிக்குமேல் வீடு திரும்பும் என் மகள், அந்த நோட்டுகளைப் புரட்டி மகிழ்ந்தாள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. படிப்பில் தனிக்கவனம் வேண்டிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கலைவாணி என்ற ஆசிரியை, ஃபேர் நோட்டையும் தேர்வுத்தாளையும் மேசைமேல் அருகருகே வைத்தார். நிவேதா என் பக்கத்தில் நின்றாள்.

“நோட்டு இவ்ளோ அழகா இருக்கு, பேப்பர் இப்படி இருக்கு. பரீட்சையில வேணும்னே ஒழுங்கா எழுதல, இல்லன்னா நோட்ட யார்கிட்டயோ குடுத்து எழுதி வாங்குதுன்னு ஆபீஸ்ல நெனைக்கிறாங்க சார். ஏழாவதே திரும்பப் படிக்கட்டும்னு பேச்சு. நாலு தடவ கேட்டுட்டேன். நான்தான் எழுதுனேன்னு சாதிக்குது.”

பொய் சொல்லும்படி நான் அவளிடம் ஒருநாளும் கூறியதில்லை. கூறவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இஸ்திரி வண்டியருகே நான் விடையளித்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டின் கடைசி வரிக்குக் கீழே அதே வரியை மீண்டும் எழுதினேன். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. “எழுதினது நான்தாம்மா. பிள்ளைமேல தப்பு இல்ல” என்றேன். பதிவேடுகளில் ஓர் அடித்தல்கூட இல்லாமல் ஓய்வுபெற்றவனுக்கு அதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ரஃப் நோட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நிவேதா தயங்கித் தயங்கிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பக்கம் பக்கமாகக் கோடுகள், வட்டங்கள், அம்புக்குறிகள். ஒரு பக்கத்தில் இருந்த கணக்கை அவர் விரல் வைத்துத் தொடர்ந்து பார்த்தார்.

“எங்க ஒம்போதாவது பசங்களே இந்தக் கணக்குல தடுமாறுவாங்க. இது மூணு கோட்டுல முடிச்சிருக்கு. இத யாருமே பாக்காம பண்ணிட்டீங்களே சார்.”

திறமையும் தடுமாற்றமும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கலாம், ஒன்று மற்றதை மறைத்துவிடும் என்று அவர் விளக்கினார். நான் என் அழகான எழுத்தால் இரண்டையும் மறைத்திருந்தேன். பிரான்சு ஆசிரியை கூறியதும் இதுவேதான் என்பது, முதலியார்பேட்டைத் தமிழில் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

பேருந்தில் பெரிய மருத்துவமனைக்குச் சென்று பரிசோதனைகள் செய்து, எழுதுவதில் அவளுக்குக் குறைபாடு உண்டு என்ற சான்றிதழ் பெற்றோம். நிவேதா இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். தேர்வில் அவள் சொல்லச் சொல்லக் கீழ்வகுப்பு மாணவி ஒருத்தி எழுதுகிறாள். கூடுதல் நேரமும் உண்டு. கணக்கு வகுப்புக்கு மட்டும் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்காருகிறாள். டிக்டேஷன் உள்ள நாள்களில் இன்னமும் அழுகிறாள். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சென்ற வாரம் ஆறுமுகம் மீண்டும் ரேங்க் கேட்டார். கணக்கில் கெட்டிக்காரி, எழுதத்தான் வராது, வேறொருவர் எழுதுகிறார் என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவே இல்லை. “எனக்குந்தான் எழுத வராது சார். முப்பது வூட்டுத் துணி. ஒண்ணாச்சும் மாத்திக் குடுத்துருக்கனா?” என்றார். இத்தனை நாளும் இவரிடமா மறைத்தேன் என்று நினைத்தபடி வீடு வந்தேன்.

நிவேதா புதிய ஃபேர் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். முகவரி எழுதும் இடத்தில் படம் வரைந்திருந்தாள். நீளமான ஒரு கோடு. ஒரு முனையில் நாங்கள் வாழ்ந்த ஊரின் ட்ராம் நிறுத்தம். மறுமுனையில் இஸ்திரி வண்டி, அதன் அருகே அவளும் அவள் அம்மாவும். கோட்டின் நடுவில், நான் எப்போதும் எடுத்துச்செல்லும் குடையுடன் தனியாக ஒருவர்.

“நான் ஏன் அங்க நிக்கிறேன்?” என்று கேட்டேன்.

“நிக்கல தாத்தா. நீங்க இன்னும் வந்துட்டே இருக்கீங்க.”

படத்தின் கீழே தன் பெயரைத் தானே எழுதியிருந்தாள். ஓர் எழுத்து திரும்பி நின்றது. பேனா என் சட்டைப்பையிலேயே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.