சலூன் கண்ணாடியில் பன்னிரண்டாவது செட்

கபடிக்கு ஆள் பொறுக்கித் தருவதைப் போல நன்றி கெட்ட தொழில் உலகத்தில் இன்னொன்று இல்லை. ஜெயித்தால் அது கேட்டவரின் மூளை. தோற்றால் சொன்னவளின் வாய்.

அநியாயம் செய்யப்பட்டவள் நான்தான். இரண்டு சீசன் முழுக்கப் பதினோரு ஆண்பிள்ளைகளுக்கு என் நோட்டைப் பார்த்து ஆள் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது சீசனில் என் பெயருக்கு ஒரு செட் கேட்டபோது, கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யாருக்காவது யோசனை சொல்லிவிட்டு, அதே யோசனையை அவர் வாயாலேயே அவருடையதாகத் திரும்பக் கேட்டு நொந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், நாம் எல்லாரும் ஒரே சாதி.

விஷயம் இதுதான். செஞ்சியைச் சுற்றிப் பொங்கல் முடிந்ததும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஊரில் கபடிப் போட்டி நடக்கும். ஊருக்கு ஒரு செட், செட்டுக்கு ஏழு பேர். எங்கள் கடைத்தெரு ஆட்கள் இதற்கு மேல் ஒரு ஆட்டம் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குப் பெயர் பேப்பர் செட். எந்த ஊர் ஆளாக இருந்தாலும் சரி, உனக்குப் பிடித்த ஏழு பேரை எடுத்துக்கொள். ஒருத்தர் எடுத்த ஆளை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. சீசன் நடுவில் வேண்டுமானால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். யார் முதலில் எடுப்பது என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். உன் ஆள் பாடிப் போய் எதிராளியைத் தொட்டுவிட்டு வந்தால் ஒரு பாயிண்ட், பாடி வருகிறவனைப் பிடித்துப் போட்டால் இரண்டு, தானே பிடிபட்டால் ஒன்று கழியும். முருகேசன் அண்ணன் சலூனில் ரசம் உரிந்த பழைய கண்ணாடி ஒன்று இருந்தது. செட்டுகளையும் பாயிண்டுகளையும் அதில்தான் சோப்புக் கட்டியால் எழுதுவார்கள்.

பக்கத்துக் கடை எங்களுடைய தையல் கடை. கபடி செட்டுகளின் பனியனில் நம்பர் தைத்துக் கொடுப்பது என் அப்பா, நைனாதான். ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கிற ஊருக்கு அவர் பனியன் மூட்டையோடு போவார், நானும் நோட்டோடு போவேன். மெட்ராஸில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன், முதலில் பி.எஸ்ஸி., பிறகு எம்.எஸ்ஸி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் திங்கள் விடியற்காலை வரை ஊரில்தான் இருப்பேன். யார் எத்தனை முறை பாடினான், எத்தனை பேரைத் தொட்டான், யார் யாரைப் பிடித்தான் என்று கட்டம் போட்டு எழுதுவேன். சலூனில் பாயிண்டு போடுவதே அந்த நோட்டைப் பார்த்துத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு அது உதவியது.

அக்கா வீட்டுக்காரர்

முதல் வாடிக்கையாளர் உரக்கடை தண்டபாணி. நல்ல மனுஷன். நான் எழுதிக் கொடுத்த ஏழு பேரையும் படித்துவிட்டு, சீயமங்கலம் ராமலிங்கத்தைக் காணோமே என்றார். நாலு ஞாயிறாக அந்த ராமலிங்கம் ஒருவரையும் தொடவில்லை, ஒருவரையும் பிடிக்கவில்லை, பிடிபட்டது மட்டும் ஒன்பது தடவை என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவரை எடுப்பதைவிட அந்த இடத்தைக் காலியாக விடுவது லாபம் என்றும் சொன்னேன்.

தண்டபாணி நோட்டை வரிவரியாகப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம், ஒரு ஆளையாவது கணக்கால் திருத்திவிட்டோம் என்று. கடைசியில் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது கரெக்ட்டும்மா, ஒண்ணும் தப்பு இல்ல. ஆனா அவரு எங்க அக்கா வூட்டுக்காரரு. அடுத்த பொங்கச் சீரைத் தூக்கிக்கினு அந்த வாசப்படியதான் நான் ஏறணும். அவரு ஏழாவதா குந்திக்கினு இருக்கட்டும், மத்த ஆறு பேர நீ சொல்லு."

இந்த ஒரு வியாதி பதினோரு பேருக்குமே இருந்தது. ஒவ்வொரு பேப்பர் செட்டிலும் ஒரு மச்சானோ சகலையோ உட்கார்ந்திருப்பார். அதனால் நான் ஆறு பேரைத்தான் சொல்லப் பழகிக்கொண்டேன்.

குரல்

வல்லம் தங்கவேலு பாட ஆரம்பித்தால் குளத்தங்கரையில் கழுவுகிற மாடு திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு குரல். மீசையும் அதற்குத் தகுந்தாற்போல. சீட்டுக் குலுக்கலில் முதலாவது வந்தவர் யோசிக்காமல் தங்கவேலுவைத்தான் எடுப்பார். ஆனால் என் நோட்டு வேறு மாதிரி சொன்னது. ஆள் நடுக்கோட்டுக்கு அந்தப்பக்கம் இரண்டடி போவார், தொடையைத் தட்டுவார், மூச்சு முட்டும்வரை பாடுவார், பத்திரமாக வீடு திரும்புவார். யாரையும் தொடுவதில்லை. பிடிபடுவதும் இல்லை. மொத்தத்தில் பூஜ்யம்.

கண்டக்டர் பலராமனுக்கு ஒரு வருஷம் முதல் சீட்டு விழுந்தது. தங்கவேலுவை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் அரை மணி நேரம் வாதாடினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே முழுதும் கேட்டார். பிறகு பஸ் கிளம்புகிற அவசரத்தில் இதைக் கேட்டுவிட்டுப் போனார்: "தொட்டாலும் தொடலன்னாலும், அவன் பாடறப்ப மயிர்க்கூச்செறியுது பாரு, அதுக்கு உன் நோட்டுல இன்னா கட்டம் போட்டு வச்சிருக்கிற?"



ஓரத்தில் நிற்கிறவன்

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நியாயமில்லை.

மண்டகப்பட்டு செட்டில் ஏழுமலை என்று ஒருவன். காலனிப் பையன், ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குப் பதிந்து காத்திருந்தான். இடது ஓரத்தில் நிற்பான், பாடி வருகிறவன் திரும்புகிற நேரம் பார்த்துக் கணுக்காலைப் பிடிப்பான். பிடித்தால் விட்டதாக என் நோட்டில் இல்லை. முதல் சீசனில் அவனை எடுக்க முதலில் யாருமே முன்வரவில்லை. ஆள் ஒல்லி என்றார்கள். அவனைவிட ஒல்லியானவர்கள் நாலு பேர் கண்ணாடியில் இருந்தார்கள். அவர்கள் காலனிக்காரர்கள் இல்லை, அவ்வளவுதான். இதை நான் சலூன் வாசலில் நின்று வாய்விட்டே சொன்னேன். உள்ளே எல்லாரும் ரேடியோவைக் கவனித்தார்கள். சைக்கிள் கடை ரஷீத் பாய் மட்டும் ஏழுமலையை எடுத்தார், அந்த சீசனில் ஜெயித்தார்.

இரண்டாவது சீசனில் ஏழுமலையின் கட்டம் காலியாகவே கிடந்தது. மூன்று ஞாயிறு பார்த்தேன், பாயிண்டே இல்லை. ஆட்டம் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்று பாயிடம் நானே சொன்னேன். அவரும் மாற்றிவிட்டார். அடுத்த வாரம் ஏழுமலை பனியனுக்குப் புது நம்பர் தைக்கக் கடைக்கு வந்தான். என்னப்பா ஆச்சு உனக்கு என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன். நின்று நிதானமாகச் சொன்னான்: "எனக்கு ஒண்ணும் ஆவலக்கா. என் பக்கம் ஒருத்தனும் வர்றது இல்ல. எல்லாம் வலது பக்கமே போய் மாட்றானுங்க. பாயிண்டு அங்க நிக்கிறவனுக்குப் போவுது."

அன்று ராத்திரி நோட்டை மறுபடி புரட்டினேன். அவன் சொன்னது சரி. அவன் நிற்கிறான் என்பதாலேயே பாதி மைதானம் மூடிக் கிடந்தது. எம்.எஸ்ஸி. படிக்கிறவள் எழுதி வைத்திருந்தது பிடித்தவனை மட்டும்; பயந்து வராமல் போனவனுக்கு நான் கட்டமே போடவில்லை. பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "வுடும்மா. போன வருஷம் ஜெயிச்சப்ப என் யோசனைன்னுதான் ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன். இதையும் என் யோசனைன்னே சொல்லிக்கிறேன்."

நல்லவர்தான். ஆனால் பாருங்கள், தப்பைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

மூன்று காரணங்கள்

மூன்றாவது சீசன் தொடங்குமுன் எனக்கும் ஒரு செட் வேண்டும் என்று கேட்டேன். கண்ணாடிக்குத் தலைவர் உயர்நிலைப் பள்ளி டிரில் மாஸ்டர் சொக்கலிங்கம் சார். அந்தக் காலத்தில் நன்றாக ஆடியவர், நேர்மையானவர், பிடிவாதக்காரர். தையல் கடை வாசலில் நின்றபடியே மூன்று காரணம் சொன்னார்.

முதல் காரணம், கபடிக் கோட்டுக்குள் இறங்காதவர்களுக்குச் செட் கிடையாது. உரக்கடைக்காரர் எந்த ஊர்க் கோட்டில் இறங்கினார் என்று கேட்டேன். கண்டக்டர் பஸ்ஸைவிட்டு எப்போது இறங்கினார் என்றும் கேட்டேன். அந்தக் காரணம் அங்கேயே அவுட். இரண்டாவது காரணம், பரிசு. சீசனில் முதலாவது வருகிறவருக்கு ஒரு வருஷம் சலூனில் இலவச ஷேவிங். அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்றார். எனக்குத் தாடி முளைக்காவிட்டாலும் எங்கள் வீட்டில் நைனாவுக்கு முளைக்கிறது என்றேன். தையல் மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

மூன்றாவது காரணத்தைச் சார் கடைசிக்கென்று வைத்திருந்தார். அதைச் சொன்னதும் சாரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது: "எல்லாம் சரிம்மா. ஆனா செட் எழுதுற எடம் சலூன். ஆள் எடுக்கறவங்க நேர்ல வந்து வாயால சொல்லணும், அது நம்ம ரூல். பொம்பளைப் பிள்ளை சலூனுக்குள்ள வரமுடியாது இல்ல?"

சோப்புக் கட்டி

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சலூனுக்குள் போனேன்.

எப்படிப் போனாய் என்று பிறகு தோழிகள் கேட்டார்கள். வாசல் வழியாகத்தான் போனேன். உள்ளே பதினோரு பேர் பெஞ்சிலும் நாற்காலியிலும். தண்டபாணிக்குப் பாதி முகத்தில் சோப்பு. அவர் எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார். யாரோ ரேடியோவை அணைத்தார்கள். முருகேசன் அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். பெஞ்சில் கிடந்த துண்டை உதறி ஓரமாகப் போட்டு, "குந்தும்மா. கடை என்னுது," என்றார்.

சொக்கலிங்கம் சார் வழக்கமில்லை என்று ஆரம்பித்தார். நான் அதிகம் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னேன். இரண்டு வருஷமாக இந்த நோட்டு வாராவாரம் இந்தச் சலூனுக்கு வந்துபோகிறது. அது வரலாம், எழுதியவள் வரக்கூடாது என்றால், இனி நோட்டும் வராது. பாயிண்டை அவரவர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு பேர் ஞாபகமும் எப்படிப்பட்டது என்று பதினோரு பேருக்கும் தெரியும். தன் ஆள் தொட்டது மட்டும்தான் ஒவ்வொருவருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த ஞாயிறு என்ன நடக்கும் என்று அவர்கள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தது எனக்கே தெரிந்தது. சோப்பு முகத்தோடு தண்டபாணிதான் வாயைத் திறந்தார்: "சார், எழுதிப்புடுங்க சார். நோட்டு இல்லன்னா நாம அடிச்சிக்கினு சாவணும்."

சார் சோப்புக் கட்டியை எடுத்தார், கண்ணாடிவரை போனார், திரும்பினார். வேண்டுமானால் நைனா பெயரில் எழுதட்டுமா என்று கேட்டார். சமாதானமாகத்தான் கேட்டார். இதற்குள் கழுத்தில் டேப்போடு நைனாவே வாசலில் வந்து நின்றிருந்தார். அவர் தலையாட்டிவிட்டால் அதோடு முடிந்தது. அவர் முகத்துக்கு எதிராக நான் பேசமுடியாது. நைனா கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு நம்பர் தைக்கத்தான் சார் தெரியும்," என்றார். "ஆள் எடுக்கத் தெரிஞ்சது வாசுகிதான்."

பன்னிரண்டாவதாக 'வாசுகி' என்று எழுதினார் சார். குலுக்கலில் எனக்கு வந்தது ஆறாவது சீட்டு. என் முறை வந்ததும் முதல் ஆளாக ஏழுமலையின் பெயரைச் சொன்னேன். அவன் பக்கம் எவனும் பாடி வரமாட்டான், பாயிண்டு விழாது என்று தெரிந்தேதான் சொன்னேன். இருக்கிற ஆட்களிலேயே நல்ல ஆட்டக்காரனை என் செட்டின் தலையில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். மெல்ல எழுதினார் சார். மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சகலை, மச்சான் யாரும் இல்லாத செட் அந்தக் கண்ணாடியில் என்னுடையது ஒன்றுதான்.

பங்குனியில் சீசன் முடிந்தபோது என் செட் எட்டாவது இடம். திங்கட்கிழமை காலை, நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, சொக்கலிங்கம் சார் தையல் கடைக்கே வந்தார். எட்டாவது என்றார். ஊருக்கே யோசனை சொன்ன பெண் இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டார். கேலிதான், ஆனால் பதில் தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்ட மாதிரி இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னேன்:

"ரெண்டு சீசனா நான் ஜெயிச்சதெல்லாம் உங்க பதினோரு பேர் பேர்லதான் சார் இருக்குது, தோத்ததாவது என் பேர்ல இருக்கட்டும்."