உலர்த்தும் அறையில் கருவாடு

சுவிஸில் ஒரு குடும்பத்தின் தராதரத்தை உடுப்புத் தோய்க்கும் நாளை வைத்துத்தான் அளப்பார்கள். ஊஸ்டருக்குக் குடிவந்த முதல் கிழமையிலேயே எனக்கு இது விளங்கிவிட்டது. நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் நிலவறையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தோய்க்கும் இயந்திரம் இருந்தது. பக்கத்தில் சூடான காற்று ஊதும் உலர்த்தும் அறை. இரண்டின் பூட்டுக்கும் சேர்த்து ஒரே திறப்பு. மூன்று கிழமைக்கு ஒருமுறை, ஒரேயொரு நாள், அந்தத் திறப்பு எங்கள் கைக்கு வரும். அன்று காய்ச்சல் அடித்தாலும் தோய்க்கவேண்டும். ஊத்தை உடுப்புப் போதாவிட்டால் நான் அலுமாரியில் இருக்கும் நல்ல உடுப்பையும் எடுத்து ஒருதரம் தோய்த்துவிடுவேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. ஊஸ்டரின் பழைய பஞ்சாலைகளில் ஒன்றிரண்டு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் என் கணவருக்கு வேலை. காலையில் இளந்தாரியாகப் போவார். தலை, புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் பஞ்சு ஒட்டி, எழுபது வயதுக் கிழவராகத் திரும்பி வருவார். பஞ்சைத் தட்டிவிட்டால் மறுபடி இளந்தாரி. புத்தி மட்டும் எந்த வயதில் நின்றதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வீடு கிடைத்த கதையைச் சொல்லாவிட்டால் நான் ஏன் அப்படிப் பயந்து செத்தேன் என்பது விளங்காது. அதற்கு முன் அகதிகள் விடுதியில் மூன்று குடும்பத்துக்கு ஒரு குசினி. ஒரு முட்டை பொரிக்கவும் வரிசையில் நிற்கவேண்டும். வீடு தேடிப் போனால் தொலைபேசியில் ‘இருக்கிறது, வாருங்கள்’ என்பார்கள். வாசலில் எங்கள் முகத்தைக் கண்டதும், இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். அப்படி அலைந்து அலைந்து கிடைத்த வீடு இது. ஓர் அறை, ஒரு குசினி, ஒரு கதவு. அந்தக் கதவை உள்ளேயிருந்து பூட்டிவிட்டு முதல்நாள் நான் விக்கி விக்கி அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரை அங்கே அப்வார்ட் என்பார்கள். எங்கள் கட்டடத்தில் அது கீழ்வீட்டில் இருந்த ஓர் அம்மா. அப்வார்ட் அம்மாவிடம் எங்கள் மேல் ஏற்கெனவே இரண்டு முறைப்பாடுகள் இருந்தன. ஒன்று, இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்கக் குளித்தது. மற்றது, சத்தமே போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் தேங்காய் உடைத்தது. மூன்றாவது வந்தால் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று சொல்லியிருந்தார். எங்கள் ஜெர்மன் போதாது என்ற கவலையில், மூட்டை கட்டித் தோளில் போடுவதுபோல் கையாலும் செய்து காட்டினார். அது நன்றாகவே விளங்கியது.

இந்த லட்சணத்தில்தான் என் கணவருக்குக் கருவாட்டு ஆசை வந்தது. கருவாடு வாங்க அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு கடையும் இல்லை. தானே போடப்போகிறேன் என்று ஒரு சனிக்கிழமை கடை பூட்டும் நேரத்தில் பை நிறைய மீன் வாங்கி வந்தார். வயிற்றைக் கீறி, கழுவி, உப்பு அடைத்து, குளியல் தொட்டிக்குள் படுக்க வைத்தார். திங்கள்வரை இரண்டு பேரும் குளிக்கவில்லை. பத்து மணிக்குப் பிறகு குளித்ததற்கு இது பரிகாரம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் பிடித்து உப்புக்குள் போட்டிருப்பேன்.

வெயிலுக்கு எங்கே போவார் என்று நினைத்திருந்தேன். ஊரைப் பனிப்புகார் மூடி, வெயில் கண்டு ஒரு மாதமாகியிருந்தது. திங்கட்கிழமை எங்கள் தோய்க்கும் நாள். மதியம் ஆலையிலிருந்து வந்தவர் மீன்களை ஒரு பேசினுக்குள் அள்ளிக்கொண்டு நேரே நிலவறைக்கு இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். உலர்த்தும் அறையில் என் சேலைகளை ஒரு கரைக்கு ஒதுக்கிவிட்டு, உடுப்புக் கொழுவும் கிளிப்பால் மீனை வாலில் பிடித்துக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

“விசரே உங்களுக்கு? இது உடுப்புக் காயப்போடுற இடமப்பா.”

“உடுப்பு மட்டுந்தான் போடவேணுமெண்டு எங்கையும் எழுதிக் கிடக்கோ? சுவரில ஒட்டியிருக்கிற சட்டம் முழுக்க நான் அகராதி வைச்சுப் பாத்தனான். நிலம் துடைக்கவேணும், ஏழு மணிக்குத் திறப்புக் குடுக்கவேணும். மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை.”

“மணக்காதோ?”

“உப்புப் போட்ட மீன் மணக்காது. நீர் பேசாமல் அந்தக் கிளிப்பை எடுத்துத் தாரும்.”

எடுத்துக் கொடுத்தேன். என்ன செய்ய, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு எனக்கும் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

சூட்டைக் கடைசிவரை திருகிவிட்டு மேலே வந்தோம். நான்கு மணிபோல் முதலில் எங்கள் கதவிடுக்கால் ஒரு மணம் வந்தது. ஐந்து மணிக்கு, ஊரில் விட்டுவந்த பாசையூர் மீன்சந்தையே படியேறி வந்து நின்றது. மேலும் கீழும் கதவுகள் திறக்கும் சத்தம், யாரோ இருமும் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக அப்வார்ட் அம்மாவின் குரல். முதலில் மலக்குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு குழாயாக மோந்து பார்த்தாராம். பிறகு செருப்புச் சத்தம் நிலவறைப் பக்கம் இறங்கியது.

“நான் ஓடிப்போய் மீனை ஒளிச்சுப்போட்டு வாறன்” என்று கணவர் எழும்பினார்.

“மீனை ஒளிப்பியள். மணத்தை எந்தப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டுவியள்?”

இருவரும் இறங்கி ஓடினோம். பிந்திவிட்டது. அப்வார்ட் அம்மா உலர்த்தும் அறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். உள்ளே என் கல்யாணக் கூறைக்குப் பக்கத்தில் மீன்கள் தலைகீழாக, வாயைப் பிளந்தபடி, வரிசையாகத் தொங்கின. சூடான காற்றில் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின. யாருடையது இது என்று அவர் கேட்டார். என் கண்ணுக்கு முன்னால் விடுதிக் குசினியின் வரிசை வந்து நின்றது. வாயைத் திறந்து ஒரு ஜெர்மன் சொல்லைத் தேடினேன்.

“என்னுடையது” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

கடைசி மாடியில் இருந்த இத்தாலிக்கார அம்மா. பஞ்சாலை வேலைக்கென்று குமரியாக வந்து, அதே ஆலையில் ஓய்வு பெற்றவர். அப்வார்ட் அம்மா வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கட்டடத்தில் இருந்தார். படிகளில் கண்டால் எங்களுக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான் பழக்கம். அவரது ஜெர்மனும் எங்களுடையதைப் போல உடைந்த ஜெர்மன் என்பதால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தோய்க்கும் நாள் இவர்களுடையது, மீன் என்னுடையது, ஒரு கொடி தரச் சொல்லிக் கேட்டேன், இதுகள் மறுக்கத் தெரியாத பிள்ளைகள் என்றார். பிறகு உள்ளே போய், மீன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எங்கள் பேசினுக்குள்ளேயே போட்டு, அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறிப் போய்விட்டார்.

வீடு தப்பியது என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். என் கணவரோ பேசின் போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எல்லாத்தையும் கொண்டுபோறாவப்பா” என்றார் மெதுவாக.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவைத் தட்டியது அப்வார்ட் அம்மா. சிரித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் சிரிப்பை அன்றுதான் கண்டேன். நீங்கள் அமைதியான, துப்புரவான குடும்பம் என்றார். ஞாயிற்றுக்கிழமைத் தேங்காய் காற்றோடு போய்விட்டது. விஷயம் இதுதான்: இத்தாலிக்கார அம்மாவை வீட்டை விட்டு எழுப்பிவிட அவர் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். இரண்டு வீட்டார் முறைப்பாடு சொன்னால் போதும். அப்படிச் சொல்ல ஒரு வீடு கிடைத்துவிட்டது. மணம் தாங்க முடியவில்லை என்று நாங்களும் ஒரு சொல் சொன்னால் எங்களுக்கும் நல்லது, பழைய முறைப்பாடுகளையும் மறந்துவிடலாம்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கொடியில் தொங்கிய மீன்களைப்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அந்த வீடு எனக்கு உயிர். ஆனாலும் அந்த மனுசி இடுப்பில் பேசினோடு படியேறிப் போனது கண்ணை விட்டுப் போகவில்லை.

“எங்களுக்கு ஒரு மணமும் இல்லை” என்றேன் என் ஜெர்மனில்.

“மணம் இல்லையா?”

படிக்கட்டு முழுக்க நாறியது. நான் மடித்தபடி கையில் வைத்திருந்த சேலையும் அந்த அறையில் காய்ந்ததுதான், அதுவும் நாறியது. அப்வார்ட் அம்மா என் சேலையைப் பார்த்தார், பிறகு என் மூக்கைப் பார்த்தார். அந்த நேரம் என் கணவர் பலமாக ஒரு தும்மல் தும்மினார். இன்னொன்று தும்மினார். இருவருக்கும் தடிமன் என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் செய்த உருப்படியான காரியங்களில் அந்தத் தும்மல்களை நான் முதலில் வைப்பேன்.

அப்வார்ட் அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. கையால் மறுபடியும் மூட்டை கட்டிக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்தநாள் முழுவதும் நான் படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவில் காது வைத்தேன். பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. முடிந்தது கதை என்று திறந்தேன். இத்தாலிக்கார அம்மா ஒரு தட்டுடன் நின்றார். தக்காளியும் உள்ளியும் போட்டு வேகவைத்த எங்கள் மீன்.

“மிச்சம் எங்கை?” என்று உள்ளேயிருந்து என் கணவர் தமிழில் கேட்டார். நான் அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

அந்த அம்மா தட்டை என்னிடம் நீட்டினார். முறைப்பாடு சொல்ல இரண்டாவது வீடு கிடைக்கவில்லை, இனிப் பயப்படவேண்டாம் என்றார். படிக்கட்டில் கதைக்கும் கதை கடைசி மாடிவரை கேட்குமாம். நேற்று நான் சொன்னதையும் கேட்டிருக்கிறார். பிறகு, தான் இந்த ஊரில் கல்யாணம் முடித்த புதிதில், உள்ளி மணக்கிறது என்று தன்னையும் கணவரையும் ஒரு வீட்டிலிருந்து எழுப்பிவிட்டதைச் சொன்னார். கைக்குழந்தையோடு போனார்களாம்.

“அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு” என்றார். “மணக்கவில்லை என்று சொல்ல ஒரு வீடு இருக்கவில்லை.”