அம்பு காட்டிய இடம்

சீனியம்மாளுக்கும் அவள் முகத்துக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது. முதலிபாளையம் லைன் வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி மகள் வேல்விழியின் உயரத்துக்கு மாட்டப்பட்டிருந்தது. சீனியம்மாள் தலை வாருவதும் பொட்டு வைப்பதும் வெறும் சுவரைப் பார்த்துத்தான். நெற்றியின் நடு எங்கே இருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியும்.

நாலு வயதில் வந்த பெரியம்மை அந்த முகத்தில் ஒரு இடம் மிச்சம் வைக்காமல் குத்திவிட்டுப் போயிருந்தது. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கொத்துன அம்மி'. திருப்பூரில் அப்படி யாரும் கூப்பிடவில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களின் கண் முதலில் அவள் கன்னத்தில் விழும், அடுத்த நொடி ஜன்னலுக்கு ஓடும். அது வேல்விழிக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அப்படிப் பார்த்தவர்களை அவள் இறங்கும் வரை முறைத்துக்கொண்டே வருவாள். "விடுடி, பாத்துட்டுப் போறாக. கண்ணு இருக்கில்ல" என்பாள் அம்மா.

சீனியம்மாளின் இடது புருவத்தில் ஒரு வெட்டும் உண்டு. புருவத்தை இரண்டாகப் பிளந்து நெற்றிக்கு ஏறும் வெட்டு. ஆட்டுக்கல்லில் விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். ஏன் அப்பாவை விட்டு வந்தோம் என்று கேட்டால், "சரிப்படல, வந்துட்டோம்" என்பதோடு சரி. வேல்விழிக்கு அப்போது நாலு வயது. பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டும் நினைவிருந்தது.

பதினெட்டு வருடம் சீனியம்மாள் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தாள். டியூப் லைட்டுக்குக் கீழே நீள மேசை. தைத்து வந்த பனியனை விரித்து, திருப்பி, கழுத்திலிருந்து தொடங்கி ஓரம் வரை கண்ணால் தடவ வேண்டும். ஓட்டையோ எண்ணெய்க்கறையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டும்படி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் டெய்லரிடம் திரும்பிப் போகும். குற்றம் சரியானதும் அம்பை உரித்துவிடுவார்கள். அம்பு ஒட்டாத பீஸ் 'பாஸ்'.

அந்த அம்புகள் கம்பெனியோடு நிற்பதில்லை. முந்தானையில், கொண்டையில், சாப்பாட்டுத் தூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். ஒருமுறை வேல்விழி கணக்கில் முப்பத்தொரு மார்க் வாங்கிவந்தபோது சீனியம்மாள் அடிக்கவில்லை, திட்டவில்லை. முந்தானையில் இருந்த அம்பு ஒன்றைப் பிய்த்து அந்த முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடி வாங்கியிருந்தால் வேல்விழி மறந்திருப்பாள். அந்த அம்பை மறக்கவில்லை. பி.காம். முடித்து ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும், தப்பு என்றால் அவள் மனதில் வருவது அந்தச் சிவப்பு அம்புதான்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், மழைக்கு முன்னால், கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் சீனியம்மாளிடம் வயிற்றில் வளர்ந்திருக்கும் கட்டியைப் பற்றிச் சொன்னார். அவள் அதை மகளிடம் மறைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும், "ஒரு போட்டோ எடுக்கணும்டி" என்றாள்.

"எதுக்கும்மா?"

"செவுத்துல மாட்ட. நீயா ஏதாவது கம்பெனி கார்டுல இருந்து பிய்ச்சு, பெருசு பண்ணி மாட்டிருவ. அதான் நானே எடுத்து வச்சுட்டுப் போறேன்."

பஸ் வந்தது. வேல்விழி ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினார்கள்.

முதலிபாளையம் பிரிவில் பிரபாகரின் ஸ்டுடியோ இருந்தது. பிரபாகர் உள்ளூர்க்காரர், நாற்பது வயது, நல்ல கைக்காரர். கல்யாண ஆல்பங்களுக்காகப் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டிருந்தார். ஒரே அமுக்கில் முகத்தில் உள்ள பரு, கரும்புள்ளி, தழும்பு எல்லாம் துடைத்த மாதிரி போய்விடும். கல்யாண வீட்டு முகங்கள் நூறு, இருநூறு என்று வருவதால் அதற்கு மட்டும்தான் அதைத் தொடுவார். தனிப் படம் என்றால் கையால்தான் செய்வார், அதில் அவருக்குப் பெருமை.

படம் எடுத்து முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். முகத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். சீனியம்மாளின் வலது கன்னம் மட்டும் திரை முழுக்க வந்து நின்றது. கொத்திய அம்மியேதான். பிரபாகர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், முதல் குழியின் மேல் மவுஸை வைத்தார்.

"நிறுத்து தம்பி" என்றாள் சீனியம்மாள்.

"ஏனுங்கக்கா?"

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம் ஆகுமுங்க. அவசரப்படாதீங்க. ஒவ்வொண்ணாப் பாத்து நெரவி உட்டர்றேன். அங்கங்க ரெண்டு மூணு மட்டும் லேசா வச்சர்றேன். அப்பத்தான் நிசமா இருக்குமுங்க."

"எத வைக்கிறது, எத எடுக்கிறதுன்னு நீ பாத்துப் பாத்து முடிவு பண்ணுவ?"

"ஆமாங்க."

"வேணாம். கல்யாணத்துக்குப் போடுறியே ஒரு அமுக்கு, அதப் போடு."

பிரபாகர் நாற்காலியோடு திரும்பினார். "அக்கா, அது கண்ணுமண்ணு தெரியாமத் தொடைக்குமுங்க. மெழுகு பொம்மையாட்ட ஆயிருமுங்க மூஞ்சி. நம்ம கை வேல பாத்தா…"

"உன் கை நல்ல கைதான் தம்பி. நான் உன் கண்ணச் சொல்றேன்." சீனியம்மாள் சத்தமில்லாமல்தான் பேசினாள். "நானும் பதினெட்டு வருசமா செக்கிங் பாக்கிறவதான். ஒரு மணி நேரம் பாத்தா பனியன் கண்ணுக்குத் தெரியாது, ஓட்டை மட்டுந்தான் தெரியும். ரெண்டு மணி நேரம் எம் மூஞ்சியில நீ குழி எண்ணிட்டு உக்காந்திருப்ப. நாளைக்கு ரோட்டுல பாத்தா 'வாங்கக்கா'ன்னு சொல்லுவ, உங் கண்ணு குழியத்தான் தேடும். அம்பது வருசமா பாத்தாக, போதும். மிசினு பாக்காதுல்ல? அதுகிட்டக் குடு."

வேல்விழியால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, எனக்கு இந்த மூஞ்சிதானம்மா தெரியும். வழுவழுன்னு யாரையோ மாட்டி வச்சு நான் என்ன பண்ணட்டும்?"

"உனக்கு வேணும்னா கம்பெனி கார்டு கெடக்கு, எடுத்து வச்சுக்க. மணிபர்ஸ்ல வை, தலகாணிக்கு அடியில வை. செவுத்துல இருக்கப்போறது நான். வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான். அங்க எனக்குப் பிடிச்ச மாதிரிதான் இருப்பேன்."

பிரபாகர் வேல்விழியைப் பார்த்தார். வேல்விழி தரையைப் பார்த்தாள். அவர் அமுக்கினார்.

நாலு நொடிகூட ஆகவில்லை. குழியெல்லாம் போய், கன்னம் கழுவிய தட்டு மாதிரி நின்றது. சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "அட, இவ நல்லா இருக்காளே" என்றாள். பிரபாகர் சிரித்துவிட்டார். வேல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை.

மாட்டுவதற்கு முன்னால் வீட்டில் வைத்துப் பார்க்கட்டும் என்று சின்ன அளவில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். சீனியம்மாள் இரண்டு நாள் அதை டிவி மேல் சாய்த்து வைத்திருந்தாள். கண்ணாடி பார்க்காதவள், போகவர அதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் வேல்விழி ஆபீசுக்குக் கிளம்பும்போது பிரிண்டைக் கையில் கொடுத்து, "பிரபாகர்கிட்டக் குடுத்துரு. பெருசாப் போட்டு ஃபிரேம் பண்ணச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டுச் சீனியம்மாள் கம்பெனி வேன் பிடிக்க ஓடினாள்.

படத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அம்பு இடது புருவத்தைக் காட்டியது. அந்த வெட்டு மட்டும் இன்னும் இருந்தது. தோலைத் துடைக்கும் சாஃப்ட்வேர், முடியும் வெட்டும் கலந்த இடத்தைப் புருவம் என்று நினைத்துத் தொடாமல் விட்டிருந்தது.

வேல்விழிக்கு யோசிக்கவே தோன்றவில்லை. படத்தைக் கொடுத்து, "அண்ணா, இதையும் எடுத்திருங்க" என்றாள்.

"அம்பு ஒட்டீருக்குதே, எடுத்தர்லாமுங்க" என்றார் பிரபாகர். இந்த வேலையாவது கைக்கு வந்ததே என்று அவருக்குச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிரேம் வீட்டுக்கு வந்தது. சீனியம்மாள் செய்தித்தாளைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலைக் கண்ணாடி மேல் வைத்து இடது புருவத்தைத் தடவினாள். அவளுடைய சொந்தப் புருவத்தையும் ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"எங்கடி?"

"எதும்மா?"

"வெட்டு."

"நீதானம்மா அம்பு ஒட்டிக் குடுத்த?"

"இத விட்டுருன்னு ஒட்டுனேன்டி! இது பத்திரம்னு ஒட்டுனேன்!"

"அம்பு ஒட்டுனா குத்தம்னு நீதான சொல்லிக் குடுத்த? முப்பத்தொரு மார்க்குக்கு ஒட்டுனியே!" என்றாள் வேல்விழி. "ஆட்டுக்கல்லுல விழுந்த தழும்பு உனக்கு என்னத்துக்கும்மா?"

சீனியம்மாள் ஃபிரேமைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"ஆட்டுக்கல்லு இல்ல. உங்கப்பன் எறிஞ்ச செம்பு. கொத்துன அம்மிக்கு ஒரு கொத்து கூடுனா என்னன்னு சொல்லிக்கிட்டே எறிஞ்சான். ரத்தம் நிக்கிறதுக்கு முன்னால உன்னத் தூக்கிட்டு நடந்தேன். திருப்பூர் பஸ்ஸுல பாதி தூரம் வந்தப்பறந்தான் முந்தானைய எடுத்துப் பாத்தேன், நின்னிருந்துச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "அம்மைத்தழும்பு என்னக் கேட்டுக்கிட்டா வந்துச்சு? அது போகட்டும். இது நான் கெளம்புன அன்னிக்கு வாங்குனது. இது இல்லாம செவுத்துல நின்னா, நான் இன்னும் சாத்தூருலயே இருக்கேன்னு அர்த்தம்."

வேல்விழி ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு செருப்பைப் போட்டாள். சீனியம்மாளும் கூடவே வந்தாள். நடக்கிற தெம்பு அவளுக்கு அப்போது குறைந்துகொண்டிருந்தது. ஆனாலும் மகளை முந்திக்கொண்டு நடந்தாள்.

"அம்பு ஒட்டி வந்தா எடுக்கறதுதானுங்களே? ஊருக்கே அதானுங்கக்கா சட்டம்" என்றார் பிரபாகர். "அர மணி நேரம் உக்காந்து ஒவ்வொரு முடியா வரஞ்சனுங்க."

"பாத்தியா? மிசினு விட்டுச்சு, மனுசன் எடுத்துட்டான்" என்றாள் சீனியம்மாள். அப்போதுதான் வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

பழைய ஃபைல் இருந்தது. ஆனாலும் பிரபாகர் தயங்கினார். "சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டற போட்டோவுங்க. வெட்டுப் புருவத்தோட நல்லாவா இருக்கும்?"

"அண்ணா," என்றாள் வேல்விழி, "எங்கம்மா சொன்ன மாதிரி போடுங்க."

தை மாதம் சீனியம்மாள் இறந்தாள். மூன்றாம் நாள் சாத்தூரிலிருந்து அப்பாவின் அக்கா ராமுத்தாய் வந்தாள். அப்பா வரவில்லை. மாலை போட்டிருந்த படத்தின் முன் நின்று ராமுத்தாய் முகத்தைச் சுளித்தாள்.

"எங்க சீனியம்மா மூஞ்சியா இது? கம்ப்யூட்டருல தொடச்சு வச்சிருக்கியே, உனக்கு என்ன அம்புட்டு ஆசை? சரி, தொடச்சதுதான் தொடச்ச, இந்தப் புருவத்து வெட்டையும் எடுத்திருக்கலாம்ல? பாக்க நல்லாவா இருக்கு?"

கூடம் நிறையச் செக்கிங் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேல்விழி எழுந்து நின்றாள்.

"தொடச்சது அவங்க ஆசை அத்தை. விட்டதும் அவங்க ஆசை. வெட்டு எப்படி வந்துச்சுன்னு தெரியணும்னா உங்க தம்பியக் கேளுங்க. செம்பு அவருகிட்டத்தான் இருக்கும்."

ராமுத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

சீனியம்மாளோடு ஒரே மேசையில் பன்னிரண்டு வருடம் நின்ற பூவாத்தாள் மெல்ல எழுந்து படத்தின் பக்கத்தில் போனாள். தலை உச்சியிலிருந்து தொடங்கி, கன்னம், புருவம், கழுத்து என்று படத்தின் ஓரம் வரைக்கும் கண்ணை ஓட்டினாள். வெட்டின் மேல் வந்ததும் கண் கொஞ்சம் நின்று, பிறகு நகர்ந்தது. அவள் முந்தானையில் அன்றைக்கும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அதை அவள் தொடவில்லை.

"பாஸுங் கண்ணு" என்றாள்.