எஸ்தருக்குச் செஞ்சியில் ஒரு தாய்வீடு

காலை ஏழேகாலுக்குத் திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறினேன். இருபத்தெட்டு கிலோமீட்டர்தான். கோட்டை பார்க்கப் போகிறவர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஏறினார்கள். நான் ஒரு கர்ப்பிணியை அழைத்துப் போகத் தில்லியிலிருந்து வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். நம் அரசு வெளிநாடுகளுக்குச் செய்யும் உதவிகளில் ஒன்று, அங்குள்ள பெண்களை வரவழைத்துத் தொழில் கற்றுக்கொடுப்பது. செஞ்சியில் கடலை உடைக்கும் மெஷின், எண்ணெய் ஆட்டும் மெஷின். பாடம் ஒரு துறை, விடுதி இன்னொரு துறை, விமான டிக்கெட் மூன்றாவது துறை. மலாவி நாட்டு எஸ்தர் கர்ப்பமாக இருப்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அவளை ஊருக்கு அனுப்புவது யார் பொறுப்பு என்று மூன்று துறையும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்ததில் ஏழாம் மாதம் வந்துவிட்டது. ரத்த அழுத்தம் அதிகம், விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல கூத்து!

இப்போது மூன்றையும் ஒரே அலுவலகமாக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பயிற்சி எல்லாமே தில்லியில், ஒரே வளாகத்தில். அதற்காக வாய் வலிக்கப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. புதிய அலுவலகம் எனக்குக் கொடுத்த முதல் வேலை, பிரசவம் வரை இருக்க எஸ்தரைச் சென்னை விடுதி ஒன்றில் சேர்ப்பது.

எட்டரைக்குச் செஞ்சி. ஷேர் ஆட்டோக்காரர், "கோட்டைக்கா மேடம்?" என்றார்.

"கடலை மெஷின் சென்டருக்கு."

"நம்ம எஸ்தர பாக்கவா? அது கஸ்தூரிக்கா வூட்லல்ல இருக்குது. அங்கயே வுட்டுர்றேன்."

இருபது ரூபாய். திருவண்ணாமலை ரோட்டின் ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. மூட்டையைக் கவிழ்த்துக் கடலை கொட்டியது போல இருபுறமும் பாறைகள். எனக்கு எதுவும் ரசிக்கவில்லை. விடுதியில் இருக்க வேண்டியவள் பயிற்சி கொடுக்கும் கஸ்தூரியின் வீட்டில் இருந்தால், பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே!

கூடத்தில் பாய் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் எஸ்தர். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்.

"என்னம்மா இது? யாரைக் கேட்டு இங்கே கூட்டிட்டு வந்தீங்க?" என்றேன் கஸ்தூரியிடம்.

"அவ மூஞ்சி வாடியே கெடந்துது மேடம். மிஷின்ல வேல செய்ற பொம்பளைங்கல்லாம் சேந்து வளையல் போட்டுட்டோம். அஞ்சு வகை சோறு ஆக்கினோம். எல்லாம் முடிஞ்சப்புறந்தான் ஒறைக்குது. வளையல் போட்டா பொண்ண தாய்வூட்டுக்கு இட்டுனு போவணுமே! இவ தாய்வூடு கடலுக்கு அந்தாண்ட இருக்குது. திரும்ப ஆஸ்டலுக்கே அனுப்ப மனசு வருமா? அதான் எங்க வூட்டுக்கு இட்டுனு வந்துட்டேன். இன்னா தப்பு?"

கோபப்படத்தான் வந்தேன். சிரித்துவிட்டேன்.

எஸ்தர் அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "போன்ல எங்கம்மாவுக்குக் கை காட்டுனேன். அம்மா அழுதுது. இந்தம்மா கிட்ட உன்ன குடுத்துட்டேன், சொல்லுச்சு. நான் சென்னை வரல மேடம். அங்க யாரு இருக்குது?"

"ரெண்டு அம்மாவும் தெனம் பேசிக்கிறோம்," என்றார் கஸ்தூரி. "அந்தம்மா சொல்றது எனக்கு ஒண்ணும் புரியாது. நான் சொல்றது அதுக்குப் புரியாது."

பதினோரு மணிக்குத் தில்லிக்குப் போன் போட்டேன். அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம், நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறார் என்று சொன்னேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுப் புதிய அதிகாரி கூப்பிட்டார். "சரி, அங்கேயே இருக்கட்டும்." அவ்வளவுதான். முன்பென்றால் இந்த ஒரு வார்த்தை வருவதற்குள் பிள்ளை நடக்கவே ஆரம்பித்திருக்கும்.

கஸ்தூரி எஸ்தரைக் கட்டிக்கொண்டார். பிறகு, "அடுத்த வருசம் எத்தினி பேரு வராங்க?" என்று கேட்டார்.

சொல்லாமல் இருக்க முடியுமா? இனி எல்லாம் தில்லியில்தான் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப இவதான் கடைசியா?" எஸ்தரின் வளையல்களைச் சரிசெய்தார். "டெல்லியில எவளாவது மாசமாயிருந்தா யாரு பாப்பாங்க? நீங்க பாப்பீங்களா?"

"பார்ப்பேன்மா." என்னையறியாமல் வந்துவிட்டது.

"வளையல் மட்டும் போட்டுட்டு ஆஸ்டல்ல வுட்டுடக் கூடாது. உங்க வூட்டுக்கு இட்டுனு போவணும்."

மூன்று மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். தில்லியில் எனக்கு இரண்டு அறை வீடு. ஓர் அறையில் பழைய சூட்கேஸும் உடைந்த கூலரும் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். பஸ் திண்டிவனம் சேர்வதற்குள், கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.