வீட்டைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனவன்

ஒரே ஒரு ராத்திரி வீடில்லாமல் இருந்து பார்க்க வேண்டும் என்று காசு கட்டி வருகிறவர்களுக்கு, அதைக் குறையில்லாமல் நடத்திக் கொடுப்பதுதான் என் தொழில்.

இடம், மலைமேல் பள்ளங்கியில் ஒரு பேரிக்காய்த் தோட்டம். சனி, ஞாயிறு வந்தால் கீழே இருந்து ஆட்கள் வருவார்கள். கூடாரம் கட்டுவது, தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவது, தூக்கிப்போட்ட தகர டின்னில் அடுப்பு செய்வது எல்லாம் சொல்லித் தருவேன். “இதெல்லாம் எங்க படிச்சீங்க?” என்று கேட்பார்கள். “பெருமாள்மலையில” என்பேன். அங்கே அப்படி ஒரு காலேஜ் இருக்கிறதா என்று சிலர் போனை எடுத்துத் தேடுவார்கள். காலேஜ் இல்லை, காசிம் பாயின் காய்கறிக் கடை. நான் ரூம்பாயாக இருந்த காட்டேஜை முதலாளி விற்றபோது, வேலையும் படுக்கிற இடமும் ஒரே நாளில் போயின. ஒரு மழைக்காலம் முழுக்க பாய் கடையின் தகரத் தாழ்வாரத்தில், கேரட் சாக்குக்குள் கால் நீட்டிப் படுத்து முடித்த படிப்பு இது.

எங்கள் தாத்தா சொன்ன கதைகளில், காட்டுக்குப் போன யாரும் ராஜாவாகாமல் திரும்பியதில்லை. எனக்கு ராஜ்ஜியம் வேண்டாம், பூட்டுகிற மாதிரி ஒரு அறை போதும் என்றிருந்தது. தோட்டக்காரர் தன் கொட்டகையில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஆனால் பூண்டு எடுத்ததும் கொட்டகை பூண்டுக்கு. அதற்குள் நான் வேறு இடம் பார்க்க வேண்டும். வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் உள்ளவர்களே, இனி நான் விளக்க வேண்டியதில்லை, பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

மணமக்கள் கூரை

என் கூடாரங்களுக்கெல்லாம் கூரை, விசேஷம் முடிந்து கழற்றிப்போட்ட பேனர்கள்தான். தண்ணீர் இறங்காது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குக் கண்ணை உறுத்தக் கூடாதே என்று படம் உள்ள பக்கத்தை உள்ளே திருப்பிக் கட்டுவேன். கோயம்புத்தூரில் இருந்து கல்யாணமாகிச் சில வாரங்களே ஆன ஒரு ஜோடி வந்தது. பொருத்தமாக இருக்கட்டும் என்று அவர்களுக்கு ஒரு கல்யாணப் பேனராகத் தேடி எடுத்துக் கட்டினேன். மணமகள் நல்ல சிரித்த முகம். நாலடி உயரத்துக்கு.

காலையில் சுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். கணவர் தோட்டத்துக் கோடியில் நின்று மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கூடார வாசலில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சொன்னார்: “காபி நல்லாருக்குதுங்க. ஆனா இவரு மல்லாக்கப் படுத்துட்டு அந்தப் புள்ளையவே பாத்துட்டு இருந்தாருங்க. அடுத்து வர்றவங்களுக்கு யாராவது கட்சிக்காரங்க படமாப் பாத்துக் கட்டி விடுங்க.”

கேட்டது ஒரு ஆளுக்கு மட்டும்

எனக்குச் சத்தமாகப் பேச வராது. ரூம்பாய் வேலையில் அது நல்ல குணம். இந்த வேலையில் அப்படி இல்லை. ஒரு சாயங்காலம், மஞ்சு இறங்குகிற நேரம், சென்னையில் இருந்து வந்த கம்பெனிக்காரர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலி ஓரமாகக் காட்டுமாடு ஒன்று உள்ளே வந்து நின்றது. “யாரும் அசையாதீங்க” என்றேன். என்னால் முடிந்த அளவு சத்தமாகத்தான் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தால் முடிச்சுக் கயிறு மட்டும் தரையில் கிடக்கிறது. பாதிப் பேர் ஜீப்புக்குள், மீதிப் பேர் மரத்தில். காட்டுமாடு நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தது. பிறகு அதுவாகத் திரும்பி, வந்த வழியே போனது. மரத்தில் இருந்து இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்த அவர்களுடைய மேனேஜர் அம்மா சொன்னார்: “தம்பி, நீங்க சொன்னது எங்க டீம்ல யாருக்கும் கேக்கல. அந்த மாடு ஒண்ணுதான் கரெக்டா ஃபாலோ பண்ணுச்சு.”

என்ன சோலி?

வீடு தேடப் போகிற அன்று வெள்ளனே குளித்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். சில வீடுகளில் கேட்டைத் திறக்காமலே பேசுவார்கள். ஒரு பெரியவர் மட்டும் திறந்தார். அறையையும் காட்டினார். ஜன்னல் இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது. நான் மனதுக்குள் பாயை விரித்தே விட்டேன்.

“என்ன சோலி பாக்குறீங்க தம்பி?” என்று கேட்டார். பொய் சொல்லக் கூடாதே என்று, காட்டில் வீடில்லாமல் எப்படி இருப்பது என்று சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அறைக் கதவை மெதுவாகச் சாத்தினார். “அவ்வளவு நல்லாத் தெரிஞ்ச ஆளு எதுக்கு இங்க வந்து வாடகையக் குடுத்துச் சிரமப்படணும்?” என்றார்.

இன்னும் கொஞ்சம் துரு

கடைசியில் எஸ்தர் டீச்சர் அகப்பட்டார். ஹாஸ்டல் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடந்தது. வேலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “சாமான் என்ன வச்சிருக்க?” என்றுதான் கேட்டார். முன்னால் குடியிருந்தவன் ஒரு பையோடு வந்தானாம். ஒருநாள் காலையில் அதே பையோடு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானாம். சாமான் உள்ளவனுக்குத்தான் இனி வீடு. ஜெபம் பண்ணி, பால் காய்ச்சித்தான் குடிவர வேண்டும். “அப்புறம் ஒரு மாசம் நீ எப்படின்னு பாப்பேன்” என்றார்.

சாமானுக்கு எங்கே போவது? காசிம் பாயிடம் போனேன். “எடுத்துட்டுப் போலே, எலி குடித்தனம் பண்ணுது” என்று கடைக்குப் பின்னால் கிடந்ததைக் காட்டினார். உடைந்த ஜீப் சீட்டும் ஆப்பிள் பெட்டிகளும் சேர்ந்து ஒரு நாற்காலி ஆயின. எண்ணெய் டின் அடுப்பானது. கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அன்று, எனக்கே நான் வீட்டு ஓனர் மாதிரி இருந்தது.

அந்த வாரம் வந்த பெங்களூர்க்காரர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. விலை சொல்லு என்றார். விற்பதற்கில்லை என்றேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் அடுத்த வாக்கியத்தை யோசிப்பதற்குள் நாற்காலி அவர் காரின் மேல் ஏறிவிட்டது. கண்ணாடியை இறக்கி, என் கையில் காசைத் திணித்து, பிரியமாகச் சொன்னார்: “இதுல துரு கொஞ்சம் கம்மி தம்பி. அடுத்த தடவ இன்னும் பழசாச் செஞ்சு வைங்க.”

பால்

பூண்டு மூட்டை கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டது. நான் எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஒரு பாய், ஒரு சட்டி, ஒரு தட்டு, எல்லாவற்றையும் சுற்றிக் கட்டிய பேனர், டின் அடுப்பு. டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் இறங்கிக்கொண்டே வந்தது. அடுப்பைப் பார்த்ததும் நின்றது. “சரி, அடுப்போட வந்தவன் ஓட மாட்டான்” என்றார்.

கேஸ் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேஸுக்கு விலாசம் வேண்டும். விலாசத்துக்கு வீடு வேண்டும். வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டும். ஆக, டின் அடுப்பேதான். பின்கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்தேன். மலையே நனைந்துகொண்டிருந்தது. பைன் காய், யூகலிப்டஸ் பட்டை, எல்லாம் ஈரம். நனைந்த விறகிலும் தீ வரும் என்று வாரம் தவறாமல் வகுப்பெடுக்கிறவன் நான், அன்று பார்த்து உரசுகிறேன் உரசுகிறேன், புகை மட்டும்தான் வருகிறது. எஸ்தர் டீச்சர் ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனார். ஆமென் சொல்வதற்குள் எனக்குத் தீ வந்துவிட வேண்டும் என்று அவருக்கும் எண்ணம் போல. இருமலுக்கு நடுவே ஊரில் உள்ள நோயாளிகளுக்கெல்லாம் சுகம் கேட்டு முடித்து, மழைக்கு வந்துவிட்டார்.

சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்திருந்த காசிம் பாய் பின்வாசல் ஓரமாக நின்று எவ்வளவோ பொறுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து என் காதில் சொன்னார்: “ஏலே, நோன்பு தொறக்கிறதுக்குக்கூட நான் இவ்வளவு காத்துக் கெடந்ததில்ல. யாரும் பாக்கல, இந்தா தீப்பெட்டி.”

காலி செய்கிறவன்

பால் பொங்கியது. சாவி கைக்கு வந்தது. டீச்சரே ஒரு புதுப் பூட்டும் வாங்கிக் கொடுத்தார். வாரம் முடிவதற்குள் ஒருநாள் காலை, தோட்டத்துக்குக் கிளம்பினால், கேட்டை மறித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசாதவர்.

“போறதுன்னா சொல்லிட்டுப் போகணும்ப்பா. ரூம் கேட்டு வேற ஆளு வந்து நிக்கிறாங்க.”

“வேலைக்குப் போறேன் டீச்சர்.”

“வேலைக்குப் போறவன் எதுக்கு அடுப்பத் தூக்கிட்டுப் போற?”

அப்போதுதான் என் முதுகை நானே பார்த்தேன். பாய், சட்டி, தட்டு, அடுப்பு, மேலே சுற்றிய பேனர். பாய் கடைத் தாழ்வாரத்தில் இருந்த காலத்தில், காலையில் விட்டுவிட்டுப் போன எதுவும் சாயங்காலம் இருந்ததில்லை. கம்பளி போனது, ஒரு தடவை ஒற்றைச் செருப்பு போனது. அதனால் எழுந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி முதுகில் ஏற்றிவிடுவேன். வீடு கிடைத்த சேதி எனக்கு வந்து சேர்ந்துவிட்டது, என் கைகளுக்கு இன்னும் வரவில்லை. வெறும் அறையைப் பூட்டிவிட்டு, சாவியையும் சாமானையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தினமும் போயிருக்கிறேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். டீச்சருக்கு எல்லாம் கேட்டது. ஹாஸ்டலில் முணுமுணுப்பைக் கேட்டுப் பழகிய காது. கேட்டை விட்டு விலகி நின்றார். பிறகு, “எல்லாத்தையும் வைக்க வேண்டாம். அடுப்ப மட்டும் வச்சிட்டுப் போ. சாயங்காலம் வந்து பாரு” என்றார்.

அன்று வகுப்பில் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று தெரியாது. கூடாரம் ஒன்று தலைகீழாக நின்றதாகப் பிறகு சொன்னார்கள். மத்தியானமே முடித்துவிட்டு வெரசாக ஓடி வந்தேன். அடுப்பு வைத்த இடத்தில் இருந்தது. உள்ளே, காற்றுப் படாத கதகதப்பில், எங்கிருந்தோ வந்த சாம்பல் நிறப் பூனை ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக டீச்சரின் குரல் வந்தது: “பாத்தியா, களவு போகல. ரூம் கேட்டு வந்தவங்களையும் அனுப்பிட்டேன். ஆனா உள்வாடகைக்கு ஆள் வைக்கிறதுன்னா என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.”

இப்போதெல்லாம் வெறும் கையோடுதான் வேலைக்குப் போகிறேன். வீடில்லாமல் இருக்க ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிற எனக்கு, வீட்டில் எப்படி இருப்பது என்று அந்தப் பூனைதான் காசு வாங்காமல் வகுப்பெடுக்கிறது.