சிவப்புக் கோடு வரைக்கும்

லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் அந்த வட்டாரத்தில் எல்லாரும் கூப்பிடுவது அவரைத்தான். மோட்டார் ஓடும் சத்தத்தை ஒரு தடவை கேட்டாலே போதும், எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, நான் வெளியிலதான் நிக்கிறேன்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். அப்பேர்ப்பட்ட காது வீட்டுக்குள் மட்டும் வேலை செய்யாது. "செருப்போட சேர்த்துக் காதையும் வாசல்ல கழட்டி வச்சுட்டு வருவாரு" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அவள் போய் ஆறு வாரம் ஆகிறது. அவர் அழவில்லை. நாலாம் நாளே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். கல்லு மாதிரி இருக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கல்லாவது வெயில் பட்டால் சுடும். இவருக்கு எதுவும் சுடவுமில்லை, குளிரவுமில்லை. சாப்பிட்டால் வயிறு நிறைந்தது, படுத்தால் தூக்கம் வந்தது.

கூடத்தில் அவள் பதினொரு வருஷமாக வளர்த்த உப்புத்தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு, நடுப்பாறையில் உயிருள்ள ஒரு பவளம். கட்டைவிரல் நகமளவு துண்டாக வாங்கிப் பாறையில் ஒட்டியது, இப்போது உள்ளங்கையளவு. விளக்குப் போட்டால் குட்டிக் குட்டி விரல்களை நீட்டிக்கொண்டு ஆடும். தொட்டியின் கண்ணாடியில் சிவப்பு டேப்பால் ஒரு கோடு ஒட்டியிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சும் அதைப் பற்றித்தான்.

"தண்ணி கோட்டுக்குக் கீழ இறங்காம பாத்துக்கோங்க."

அவர் பார்த்துக்கொண்டார். காலையில் பல் விளக்கியதும் முதல் வேலை அதுதான். தொட்டிக்குப் பின்னால் நீல டிரம் ஒன்றும் வெள்ளை டிரம் ஒன்றும் நின்றன. நீலத்தில் உப்பு கலந்த தண்ணீர், வெள்ளையில் வடிகட்டிய வெறும் தண்ணீர். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று நீலத்திலிருந்து மொண்டு கோடு வரைக்கும் ஊற்றினார். ஒரு நாள் தவறவில்லை. உப்பு தீர்ந்தபோது புதுப் பை வாங்கி, அதில் போட்டிருந்த அளவுப்படி கலந்து வைத்தார்.

அப்படியும் பவளம் சுருங்கியது. விரல்கள் உள்ளே போய்விட்டன, நிறம் வெளுத்தது. மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கின.

வேறு ஊரில் இருக்கும் மகள் போனில் கேட்டாள்: "தண்ணி ஊத்துறீங்களாப்பா?"

"தினம் ஊத்துறேன்."

"முடியலேன்னா விடுங்கப்பா. ஞாயித்துக்கிழமை அம்மா மீன் வாங்குன கடைக்காரரை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்றேன். அதுவும் செத்துப்போறதை நீங்க பாக்க வேணாம்."

போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். மனைவி ஒப்படைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். அதையும் கோட்டை விட்டால் அப்புறம் என்ன புருஷன் என்று இருந்தது. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அந்த வளர்ப்பு மீன் கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஒரு சொட்டை எடுத்து உப்பு பார்க்கும் கருவியில் விட்டு, கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு இருக்கணும் சார். நாப்பத்திரெண்டு காட்டுது. ஊறுகாயா போடுறீங்க?"

"கோட்டுக்குக் குறையாம ஊத்திட்டுத்தான் வரேன்."

"எதை?"

"நீல டிரம்லேர்ந்து."

கடைக்காரர் கருவியைக் கீழே வைத்தார். "ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும்தான் சார். உப்பு எங்கேயும் போகாது. குறையிற தண்ணிக்கு வெள்ளை டிரம்தான். நீலம், வாரத்துக்கு ஒருக்கா பழைய தண்ணியை எடுத்துட்டு மாத்துறதுக்கு. அக்கா இதைச் சொல்லலையா?"

பதினொரு வருஷமாகத் தினமும் காலையில் அவர் கண்ணெதிரேதான் ஊற்றினாள். எந்த டிரம்மிலிருந்து என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஒரேயடியா இறக்கிடாதீங்க, அதிர்ச்சியிலயே போயிடும். நாளுக்கு ஒரு புள்ளிதான்" என்று சொல்லி, கடைக்காரர் ஒரு கருவியைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து தினம் கொஞ்சம் உப்புத்தண்ணீரை எடுத்துவிட்டு, வெள்ளை டிரம்மிலிருந்து நிரப்பினார். ஞாயிறு காலை முப்பத்தெட்டு காட்டியது. பவளத்தில் பாதி செத்து வெறும் சுண்ணாம்புக் காரையாகிவிட்டிருந்தது. மறுபாதியில் மூன்று விரல்கள் எட்டிப் பார்த்தன.

அவர் மகளைக் கூப்பிட்டார். "கடைக்காரரை வர வேணாம்னு சொல்லிடும்மா. தப்பு என்னோடதுதான். வெறும் தண்ணி ஊத்தணுமாம், வெள்ளை டிரம்லேர்ந்து."

"அது தெரியுமேப்பா" என்றாள் மகள். "நீங்க அப்படித்தான் ஊத்துறீங்கன்னு நெனச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மாதான் சொல்லுவாங்க. தினம் சாயங்காலம் போன்ல அரை மணி நேரம் தொட்டிக் கதைதான். நீங்க பக்கத்துலதானேப்பா டிவி பாத்துட்டு இருப்பீங்க."

அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக வலித்தது. நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வேற என்னெல்லாம் சொல்லுவா?" என்று கேட்டார். "முதல்லேர்ந்து சொல்லும்மா."