முகூர்த்த மாதத்துப் பூனை

ஜவுளிக்கடைக்காரனுக்கு எலியைப் போல ஒரு எதிரி கிடையாது. எதிர்க்கடைக்காரன்கூட அதற்கு அப்புறம்தான். எழுபதுகளின் ஆரம்பத்தில், தியாகராய நகரில் எங்கள் மாமனாருடைய கடை கீழே, நாங்கள் மாடியில். பின்பக்கத்துச் சரக்கறையில் இருந்த எலிகளுக்கு நல்ல ரசனை. பருத்தியைச் சீண்டாது. பட்டாகப் பார்த்து, அதிலும் முந்தானையாகப் பார்த்துக் கடிக்கும். மருந்து வைக்கலாம் என்றால் மாமனார் விடமாட்டார். பிள்ளையார் வாகனமாம். உண்மைக் காரணம் வேறு. அதற்கு முந்தின வருஷம் மருந்து தின்ற எலி ஒன்று பட்டுக் கட்டுக்குள் போய்ச் செத்து, முகூர்த்த மாதம் பூராவும் கடை நாறியது.

கடைசியில் பூனை வளர்ப்பது என்று முடிவானது. முடிவு செய்தது ஆண்கள். துணியைத் தடவியே எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுகிற ஆட்கள். கல்யாண ஜவுளி எடுக்க வருகிற கடையில் பூனையை விட்டால் என்ன ஆகும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அடையாற்றில் ரிட்டயரான டீச்சரம்மா ஒருவர், தெருவில் விடப்பட்ட பூனைகளை எடுத்து வளர்த்து, நல்ல இடம் வந்தால் சும்மாவே கொடுக்கிறார் என்று என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டு வந்தார். மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பாடத் தெரியுமா?" என்ற ஒரே கேள்வியோடு முடிவு செய்துவிட்டார்கள். டீச்சரம்மா முக்கால் மணி நேரம் கேட்டார். வீட்டில் எத்தனை பேர்? யாராவது கை நீட்டுவார்களா? எங்கே படுக்கும்? வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? என் வீட்டுக்காரர் பாட்டுக்கு, "எலி பிடிக்கத்தாங்க" என்று போட்டு உடைத்தார்.

"வேலைக்கு ஆள் வேணும்னா வேற எடம் பாருங்க சார்" என்று டீச்சரம்மா எழுந்துவிட்டார்.

நான் குறுக்கே விழுந்தேன். "அவங்களுக்குப் பேசத் தெரியாதுங்க. எனக்குத்தான் வேணும். வீட்டுல பதினோரு பேரு. பேச ஆள் இல்லை."

எலிக்காகத்தான் சொன்னேன். அட, இது பொய்யில்லை போலிருக்கிறதே என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டீச்சரம்மா உள்ளே போய், ஒரு காது நுனி கிழிந்த சாம்பல் வரிப் பெட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "பிடிக்கலைன்னா ரோட்டுல விட்டுடாதீங்க. என்கிட்டயே கொண்டு வாங்க" என்றார்.

சொல்லிவிடுகிறேன், நான்கு மாதத்தில் அது ஒரு எலியைக்கூடப் பிடித்து யாரும் பார்க்கவில்லை. பட்டுக் கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கியது. ஆனால் வாடைக்கே எலிகள் இடத்தைக் காலி செய்துவிட்டன. மாமனாருக்குப் பரம திருப்தி. தினமும் மீன்காரம்மாவிடம் அதற்கென்று தனியாக வாங்கினேன். "இன்னாம்மா, பூனைக்கா இவ்ளோ பொறுக்கினு கீற? வூட்டு ஆளுங்களுக்குக்கூட நீ இப்டிப் பாத்து வாங்க மாட்டியே!" என்பாள். உண்மைதான், மாட்டேன்.

மத்தியானம் பதினோரு பேரும் சாப்பிட்டு முடித்து, நான் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்ததும் அது அடுக்களை வாசலில் வந்து படுக்கும். நான் பேசுவேன். மாமியார் ரசத்தைப் பற்றிச் சொன்ன குறை, நாத்தனார் போன மாதம் காட்டிய முகம், எல்லாம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கைக்கூடச் சொன்னேன். அந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

தை மாதம் பிறந்தது. மயிலாப்பூரிலிருந்து இரண்டு டாக்சியில் ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து இறங்கியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கே வந்து கும்பிட்டார். கோஷ்டிக்குத் தலைமை கல்யாணப் பெண்ணின் அத்தை. முதல் படியில் கால் வைக்கப் போனார். எங்கள் மகாராணி சாவகாசமாக இடமிருந்து வலமாகக் குறுக்கே நடந்து போனாள்.

"ஐயையோ! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பூனை குறுக்க போயிடுத்தே! எல்லாரும் திரும்புங்கோ!"

எதிர்க்கடைக்காரர் அதற்குள் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். மாமனார் முகத்தில் ஈயாடவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குள் வரக் கூடாது. எனக்கு அதெல்லாம் ஞாபகமே வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரோடு பின்படியில் இறங்கி, கடையைக் குறுக்கே கடந்து வாசலுக்கு ஓடினேன்.

"மாமி, சகுனம் சரியில்லேன்னா உடனே திரும்பவும் கூடாது, அடுத்த கடைக்கும் போகக் கூடாது. கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பொறப்பட்டாத்தான் சரியாகும். வெயில்ல எங்க உட்காருவீங்க? உள்ள வாங்க. அப்புறம் எந்தக் கடைக்கு வேணாலும் போங்க."

வழக்கம் என்று வந்துவிட்டால் மாமி என்ன செய்வார்? "அதுவும் வாஸ்தவம்தான்" என்று உள்ளே வந்து வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தார். கூட வந்த பதினான்கு பேரும் உட்கார்ந்தார்கள். பட்டுப்புடவைக் கடையில் உட்கார்ந்த பெண்களின் கை சும்மா இருக்குமா? தண்ணீர் தீர்வதற்குள் நான்கு புடவை பிரிந்துவிட்டது. எந்தக் கரைக்கு எந்த ரவிக்கை என்று என்னைக் கேட்டார்கள். சொன்னேன். கூறைப்புடவையிலிருந்து சம்பந்திக்கு வைத்துக் கொடுக்கிற வேட்டி வரைக்கும் எங்களிடமே எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் மாமனார் கூப்பிட்டனுப்பினார். தொலைந்தோம் என்று போய் நின்றேன்.

"பொம்பளையாளு வந்தா பொம்பளையாளு பேசினாத்தான் யாவாரம் நடக்கும் போல. நாளைலேர்ந்து பத்து மணிக்கு நீயும் கீழ வந்திரும்மா. பட்டுப் பக்கம் உக்காரு." கல்லாவைப் பூட்டினார். "அந்தப் பூனைச் சவத்த மட்டும் கொண்டு போயி விட்டுரு. ஒவ்வொரு தடவையும் சொம்பத் தூக்கிட்டு ஓட முடியாதுல்லா?"

அபசகுனத்தில் எனக்கு யோகம் அடித்தது. அதைக் கொண்டுவந்த பூனைக்கு வீடு போயிற்று. வாயைத் திறந்திருக்கலாம். அன்றைக்கு ஒரு நாள் நான் எதைக் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். பூனையை மாடியிலேயே கட்டுப்படுத்தி வைக்கிறேன் என்றால் "சரி" என்றுகூடச் சொல்லியிருப்பார். ஆனால், எதையாவது கேட்கப்போய் மனுஷர் மனம் மாறி, "நீயும் மாடியிலேயே இரு" என்று சொல்லிவிட்டால்? "சரிங்க மாமா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் கூடையோடு தனியாக அடையாறு போனேன். வழியெல்லாம் உள்ளேயிருந்து கத்திக்கொண்டே வந்தது. பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்று டீச்சரம்மா பதறினார்.

"வீட்டுல ஒத்துக்கலைங்க."

"யாரு ஒத்துக்கலை? மாமியாரா? மாமனாரா? நான் வந்து பேசறேன். இரு, இப்பவே வரேன்." செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். வந்தால் பேசி ஜெயித்தும் விடுவார். பூனை திரும்பி வரும், என் கடை போய்விடும்.

"நீங்க வர வேண்டாங்க" என்றேன். "நான்தான் ஒத்துக்கலை."

டீச்சரம்மா செருப்பைத் தேடுவதை விட்டார். குனிந்து கூடையைத் திறந்தார். பூனை வெளியே வந்தது. பழகிய வீடுதானே, உள்ளே போகும் என்று நினைத்தேன். போகவில்லை. என் காலடியில் வந்து, அடுக்களை வாசலில் படுக்கிற மாதிரியே படுத்துக்கொண்டு, நான் பேசட்டும் என்று என் முகத்தைப் பார்த்தது.

"பத்து மணிக்குக் கடையில இருக்கணுங்க" என்று டீச்சரம்மாவிடம் சொல்லிவிட்டு, அதைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தேன்.